அது எத்தனை ஆள் வேலை

டிராக்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்று. அடுத்தது, டீசல் எவ்வளவு குடிக்கும். அதற்குள் கூட வந்த மச்சானோ மாமாவோ டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, போன வருஷம் இன்னார் வாங்கின வண்டி இன்னும் ஷெட்டிலேயே நிற்கிறது என்று ஒரு கதையைத் தொடங்குவார். சிதம்பரத்தில் மூன்று வருஷம், இப்போது திட்டக்குடி கிளையில் இரண்டு வருஷம், ஆக ஐந்து வருஷமாக ஷோரூம் வாசலில் நின்று நான் கேட்டுவரும் கேள்விகள் இவைதான். வேறு மாதிரி கேட்டவர் ஒருவர்தான்.

சிதம்பரம் ஷோரூமுக்கு அவர் தனியாக வந்தார். அதுவே எங்களுக்குப் புதிது. டிராக்டர் பார்க்கப் பெண் பார்க்கப் போகிற மாதிரி ஏழெட்டுப் பேராக வருவதுதான் வழக்கம். அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம், சாயம் போன நீலச் சுடிதார், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துணிப்பையிலிருந்து கறுப்பு ரப்பர் ஷூ ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வயல்ல இதத்தான் போடுவேன். இதப் போட்டுக்கிட்டே மிதிச்சுப் பாத்துடறேன்" என்றார்.

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். மினி டிராக்டர், நாலு சக்கரத்துக்கும் இழுவை, பின்னால் தூக்குகிற எடை இவ்வளவு, கியர் இத்தனை. அவர் குறுக்கிடவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மூலையில் நின்ற ரொட்டவேட்டரைக் காட்டிக் கேட்டார்.

"தம்பி, இத வண்டியில மாட்டறது எத்தன ஆளு வேலை?"

யாரும் கேட்டதில்லை. கிராமத்தில் இரண்டு ஆள் இல்லாத வீடு ஏது? ஆனாலும், ஒரு ஆள் போதும் மேடம் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். ரொட்டவேட்டர் என்பது சுற்றுகிற கத்திகள் கொண்ட கனத்த இரும்புப் பெட்டி. நாலைந்து ஆள் கனம் இருக்கும். அதை டிராக்டரின் பின்பக்கம் மூன்று இடத்தில், ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து, பின் என்கிற இரும்பு முளையைச் செருகி மாட்ட வேண்டும். கீழே இடதும் வலதுமாக வண்டியின் இரண்டு இரும்புக் கை, மேலே ஒன்று. ஷோரூமின் வழவழப்பான டைல்ஸ் தரையில் அது நான் தள்ளின பக்கமெல்லாம் நகர்ந்துகொடுத்தது. ஐந்து நிமிஷத்தில் மூன்று பின்னையும் போட்டுவிட்டேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதில் எனக்குப் பெருமை. அந்த அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவருமே தரையைப் பார்க்கவில்லை.

*

அவர் கடலூர்க்காரர். பழைய தேவாலயப் பங்கு ஒன்றில் நாலு தலைமுறையாக இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸ் என்று தெரிந்ததும் நான் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதைக் காதில் வாங்கிய மேனேஜர் அவரைக் கன்னியர் மடத்துக்காரர் என்றே நினைத்துக்கொண்டு, மடத்துப் பேரில் வண்டி எடுப்பதென்றால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மடத்துல சேந்தா எடுத்தாறேன் என்றார்.

புவனகிரிக்கு அந்தப் பக்கம், வெள்ளாற்றுப் படுகையை ஒட்டி, அவருடைய அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் இருந்தது. பாதி தென்னை, மீதி கொய்யா. அண்ணன் பேரிலும் அவர் பேரிலுமாகக் கூட்டாக இருந்த நிலம். அண்ணன் கடலூரில் இருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரருக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். இவருக்கு அங்கேயே போய் இருக்க வேண்டும். ஈஸ்டர் அன்று சாப்பாட்டுப் பேச்சில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறேன். தேங்காய் பறிக்க மரமேறி வரட்டும், கொய்யா பறிக்கப் பெண்கள் வரட்டும், அது எல்லாருக்கும் உள்ளது. உழவு, களை, வண்டி இந்த மூன்றுக்கும் அடுத்தவன் கையை எதிர்பார்க்காமல் நீயாகச் செய்து காட்டினால் நிலம் உன்னிடமே இருக்கட்டும். இல்லையென்றால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலூர் வீட்டு மாடியில் வந்து இரு.

இதை அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. கிளட்சை மிதித்துப் பிடித்தபடியே சொன்னார். வலது முழங்கால் நல்லது, இடதுதான் சந்தேகம், அதைச் சோதிக்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தவர், பேச்சை முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பத்து தடவை சொல்லி முடிக்கும்வரை காலை எடுக்கவில்லை. மூன்று வண்டியில் அப்படிச் செய்தார். முதல் வண்டியில் ஆறிலேயே கால் நடுங்கிவிட்டது. மூன்றாவதில் பத்தும் சொல்லி இறங்கினார்.

"இது என் காலுக்கு ஒத்துக்குது" என்றார்.

ஐந்து வாரம் வந்தார். மேனேஜருக்கு அலுத்துவிட்டது. சிஸ்டர் வண்டி வாங்க வரல, நோவேனா ஜெபத்துக்கு வருது என்பார். பெரிய வண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள், நாற்று நடுகிற காலத்தில் ஊரில் சேற்றுழவுக்கு வாடகை ஓட்டலாம் என்று மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். நெல்லுக்காக வாங்குகிறவர், நெல்லே இல்லாதவர், எல்லாரும் பெரிய வண்டியும் அது சேற்றில் ஓட இரும்புச் சக்கரமும் எடுப்பார்கள். அந்தச் சக்கரத்தைத் தூக்கி மாட்டுவது எத்தனை ஆள் வேலை என்று சிஸ்டர் கேட்டார். இரண்டு, சில நேரம் மூன்று என்றேன். அதோடு பெரிய வண்டி கதை முடிந்தது.

நிலத்தைப் பார்க்க நான் போன அன்று அவர் கொய்யா மரங்களுக்கு நடுவே தனியாக நடந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு சவுக்குக் கழிகளைக் குறுக்காகக் கட்டிப் பிடித்திருந்தார். நின்ற கழி, வண்டியில் உட்கார்ந்தால் அவர் தலை வரும் உயரம். குறுக்குக் கழி, ரொட்டவேட்டரின் அகலம். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போய், கிளை தட்டுகிற இடத்திலெல்லாம் துணி கிழித்துக் கட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் புனித வெள்ளியில் ஒற்றை ஆளாகச் சிலுவைப் பாதை போகிற மாதிரி இருந்தது. வரிசை முடிவில் வேலி நெருங்கி வருகிற இடத்தில் சாம்பலால் வட்டம் போட்டு, வண்டி திரும்புமா என்று என்னைக் கேட்டார். நான் வண்டியின் திருப்பு அளவைச் சொன்னேன். அவர் அடி வைத்து அளந்து, கடைசி இரண்டு மரத்தைக் கவாத்து பண்ணிடறேன், மரத்தை வெட்ட மாட்டேன் என்றார். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கிற வண்டி வேண்டாம், கிளையில் இடிக்கும் என்பதும் அன்றைக்கு முடிவானது.

டிரெய்லர் எடுத்தார். கழற்றினாலும் சாயாமல் நிற்க அதன் மூக்கில் தாங்குகால் உண்டு. ஷோரூம் பின்வளாகத்தில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் எடுத்துப் பழகி, இறங்கி, தானே பின் போட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தார். ஐந்து கொத்துக் கலப்பை எடுத்தார். அதைப் பீரோவை நகர்த்துகிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு அசை, அந்தப் பக்கம் ஒரு அசை என்று ஒருவரே நடத்திக்கொண்டு போகலாம். மருந்தடிக்கிற கருவி வேண்டாம், முதுகில் மாட்டுவதே போதும் என்றார். ரொட்டவேட்டரில்தான் ஐந்து வாரமும் போனது. கொய்யாவுக்கு அடியில் மண்டுகிற புல்லையும் சருகையும் மண்ணோடு கலக்க அது இல்லாமல் முடியாது. ஆனால் அதன் எடை அவருக்குப் பயம்.

கடைசி நாளும் கேட்டார். "நிச்சயமா ஒரு ஆளுதான?"

நிச்சயமா சிஸ்டர் என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் எடுத்தார்.

*

எல்லாவற்றையும் அவர் அந்தக் கேள்வியால்தான் அளந்தார். தோப்பில் இருந்த ஓட்டு வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், ஒரு பிளாஸ்க். ஏணி வாங்கும்போது நீளத்தைக் கேட்காமல், தனியாகச் சாய்த்து நிறுத்த முடியுமா என்று கேட்டதாகப் புவனகிரி கடைக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒருநாள் நான் போனபோது துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். போர்வையின் இரண்டு முனையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மறுமுனைகளைப் பிடித்து இழுத்து உதறி, மடித்துக்கொண்டே கதவை நோக்கி நடந்தார். அந்தப் பக்கம் யாரோ நின்று பிடித்திருப்பது போலவே இருந்தது. நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். கதவு நல்லாத்தான் புடிக்குது என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆரம்பித்ததாம் அது. படுத்தே கிடக்கிற நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது இரண்டு ஆள் வேலை என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். ராத்திரி டூட்டியில் வார்டுக்கு ஒரு ஆள்தான் இருக்கும். நோயாளிக்குப் பாடமா தெரியும் என்பார்.

*

வண்டி போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் போன் வந்தது.

"தம்பி, ஒரு ஆளு போதும்னு சொன்னீங்களே. நீங்க எந்த ஆளச் சொன்னீங்க?"

சிதம்பரத்திலிருந்து பைக்கில் போனால் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி அரை மணிக்குள் போய்விடலாம். போனேன். முதல்நாள் மழையில் படுகை மண் ஊறியிருந்தது. வண்டி ஷெட்டின் மண் தரையில் இறக்கிவைத்த ரொட்டவேட்டர் ஒரு பக்கமாக அழுந்தி நின்றது. இடது பின் உள்ளே போய்விட்டது. வலது பக்கம் ஓட்டையும் ஓட்டையும் அரை விரல் அளவு விலகி நின்றன. காலையிலிருந்து வண்டியை முன்னும் பின்னும் எடுத்து, இறங்கி, தள்ளி, மறுபடி ஏறி, அவர் உடுப்பெல்லாம் சேறு. ஒருவர் கடப்பாரையால் நெம்ப வேண்டும், ஒருவர் பின்னைச் செருக வேண்டும். வேறு வழியில்லை. நான் நெம்பினேன். அவர் செருகினார். அரை நிமிஷ வேலை.

பிறகு அவர் ஷெட் சுவர் மாடத்திலிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுவரில் ஒரு கோடு போட்டார்.

இது இன்னா சிஸ்டர் என்று கேட்டேன்.

"அடுத்தவங்க கை. அண்ணன் வந்து கேக்கும்போது பொய் சொல்லக் கூடாது பாருங்க."

டைல்ஸ் தரையில் வித்தை காட்டியவன் நான். கோடு விழுவது அவர் சுவரில்.

தேங்காய் ஏற்ற டிரெய்லர் மாட்டினால் ரொட்டவேட்டரைக் கழற்ற வேண்டும். புல் வளர்ந்தால் திரும்ப மாட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன் வரும். வரட்டுமா போகட்டுமா என்ற பேச்சே இருக்காது. "ரொட்டவேட்டர், தம்பி" என்பார். நான் ஷோரூம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவேன். நெம்புவேன். அவர் செருகுவார், கோடு போடுவார். பிறகு பிளாஸ்க்கிலிருந்து டீ. டம்ளர் எனக்கு, பிளாஸ்க் மூடி அவருக்கு. நாற்காலியில் நான் உட்காரமாட்டேன், வாளியைக் கவிழ்த்து உட்காருவேன். நாற்காலி சும்மா கிடக்க அவர் வண்டி டயரில் சாய்ந்து நின்றுகொண்டே குடிப்பார்.

அதிகம் பேச மாட்டார். பேசினாலும் கை வேலையாக இருக்கும்போதுதான். கிரீஸ் வைத்துக்கொண்டே ஒருநாள் ஸ்ட்ரெச்சரைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு கனமான ஆளாக இருந்தாலும் நாலு சக்கரத்தில் ஏற்றிவிட்டால் ஒரு விரலால் தள்ளலாம். அப்புறம் காலால் பிரேக்கை அழுத்தினால் அசையாது. மனுசனத் தூக்கறதவிட தள்ளறது சுலபம் என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஊர் கீரப்பாளையத்தை ஒட்டி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்ததிலிருந்து அப்பா என்னை ஒரு கட்டைக்கூடத் தூக்க விடுவதில்லை. அறுப்பு நேரத்தில் வரப்பில் போய் நின்றால், நீ இன்னாத்துக்குடா வெயில்ல, போயி நெழல்ல உக்காரு என்பார். அம்மா எனக்கு மட்டும் தனித் தட்டில் சோறு போடுவாள், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி. என் மேல் இருக்கிற பெருமைதான் அது, தெரியும். வேலை என்னவென்று கேட்டால் கம்பெனியில் உக்காந்திருக்கிறான் என்று சொல்வார்கள். சிதம்பரத்தில் வாடகை அறை, மெஸ்ஸில் சாப்பாடு. பத்து நாளுக்கு ஒருமுறை சேறு ஒட்டிய கையை அந்தத் தோப்புக் குழாயடியில் நான் கொஞ்சம் நிதானமாகத்தான் கழுவுவேன்.

கார்த்திகையில் சுவரைப் பார்த்தேன். பதினோரு கோடு. பதினொன்றும் நான்.

ஈஸ்டருக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. இப்படியே போனால் இருபது தாண்டும். அண்ணனுக்கு வேறு சாட்சியே வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரண்டு கட்டில் கிடைத்தது. சக்கரங்கள் நன்றாக இருந்தன, பிரேக்கோடு. வெல்டிங் பட்டறையில் ஒரு சிநேகிதன் இருந்தான். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், நாலு மூலையிலும் சக்கரம், மேலே ரொட்டவேட்டர் உட்காருகிற அளவுக்கு இரண்டு பள்ளம் என்று வரைந்து காட்டினேன்.

"இன்னா மச்சான், ரொட்டவேட்டருக்குப் பிரசவமா?" என்றான். ஆனால் ஒழுங்காகச் செய்துகொடுத்தான்.

சேற்றில் சக்கரம் ஓடாது என்பது தெரியும். சிஸ்டர் வீட்டுப் பின்பக்கம் பழைய கடப்பாக்கல் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றை ஷெட்டுக்குள் சமமாகப் பரப்பிவிட்டால் போதும் என்று போனில் சொன்னேன். நான் வந்து பரப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். வேண்டாம், கல்லு பரப்பறது ஒரு ஆளு வேலை என்றார். ஒரு வாரத்தில் பரப்பிவிட்டார். மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றதாம்.

சட்டத்தைக் கொண்டுபோய் இறக்கினேன். வண்டியில் மாட்டியிருந்த ரொட்டவேட்டரை அதன்மேல் இறக்கிக் கழற்றினார். வண்டியை முன்னால் எடுத்து மறுபடி ரிவர்ஸில் வந்தார். இறங்கி, சட்டத்தை ஒரு கையால் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் தள்ளினார். இடது பின். வலது பின். காலால் பிரேக்கை அழுத்திவிட்டு மேல் பின். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணருகே நின்றேன்.

அவர் நிமிர்ந்து கையைத் துடைத்தார். மாடத்தில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அப்ப ஒரு ஆளு வேலைதான்" என்றார். "நீங்க சொன்னது பொய்யாவல தம்பி."

டீ கொடுத்தார். அன்றைக்குக் கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது. கிளம்பும்போது கேட் வரை வந்து, பாத்துப் போங்க என்றார். அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு போன் வரவில்லை.

மார்கழி போனது. தை பிறந்தது. போனில் சார்ஜ் இல்லையோ, சிக்னல் இல்லையோ என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். சட்டத்தில் ஏதாவது சக்கரம் இறுகியிருக்கலாம், வெல்டிங் விட்டிருக்கலாம் என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா கையிலிருந்த அரிவாளை வாங்கி நாலு பிடி அறுத்தேன். கூட அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கையக் கிழிச்சுக்காத, நாளைக்கு எழுதணும்ல என்றார் அப்பா, அரிவாளை வாங்கிக்கொண்டே. போய் நிழலில் உட்கார்ந்தேன்.

*

ஈஸ்டருக்கு மறுநாள் நானாகவே போனேன். கையில் ஓர் ஆயில் பில்டர், சாக்குக்கு. ஷெட் வாசலில் கார் நின்றது.

அண்ணன் என்றதும் முரட்டு ஆளாக எதிர்பார்த்திருந்தேன். தங்கையைப் போலவே குட்டையாக, வெள்ளைச் சட்டையில், ரத்த அழுத்தக்காரர்களின் சிவந்த முகத்தோடு இருந்தார். சுவருக்கு முன்னால் நின்று கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று என்றார். ஆமாம் என்றார் சிஸ்டர். கார்த்திகைக்கு அப்புறம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அதற்கு முன் இருக்கிறதே என்றார் அண்ணன். இருக்குது, நான்தான போட்டேன் என்றார் இவர்.

எனக்கு முன்னால மாட்டிக் காட்டு என்றார் அண்ணன்.

சிஸ்டர் டிரெய்லரைக் கழற்றினார். வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து ரிவர்ஸ் எடுத்தார். கல்தளத்தில் ரப்பர் ஷூ வழுக்காமல் இறங்கினார். இடது பின் போட்டார். வலது பக்கம் வந்து சட்டத்தைத் தள்ளியபோது ஒரு சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. ஓட்டை அரை விரல் விலகி நின்றது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். இடது முழங்காலைக் கல்லில் மாற்றி ஊன்றிக்கொண்டார். தூணருகே என் கையும் தானாக முன்னால் வந்துவிட்டது. அதற்குள் அண்ணன் குனிந்து சட்டத்தைப் பிடிக்கப் போனார்.

"தொடாதண்ணே" என்றார் சிஸ்டர்.

சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணன் கை அப்படியே நின்றது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது, எத்தனை வரை எண்ணினாரோ தெரியாது, ஒரே தள்ளு. சக்கரம் கல்லேறியது. பின் உள்ளே போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா மாதிரியே புடிவாதம் என்று வண்டியைப் பார்த்துச் சொன்னார். சரி, வெச்சுக்க என்றார். மாடி ரூமை நான் வாடகைக்கு விட்டுடறேன், அப்புறம் கேக்கக் கூடாது என்றார். கார் கதவைத் திறக்கும்போது என்னைக் கண்டுகொண்டார்.

"நீங்கதான் அந்தப் பதினோரு கோடா?"

ஆமாங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

சிஸ்டர் பில்டரை வாங்கிக்கொண்டார். மாத்தறதுக்கு இன்னும் நாள் இருக்குதே தம்பி என்றார். ஆமாம் சிஸ்டர், சும்மா கையில இருந்துச்சு என்றேன். கையெல்லாம் சிராய்ப்பாக இருந்தது அவருக்கு. டீ போட பால் இல்லை என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

*

ஆனியில் எனக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்தது. அதைச் சொல்லலாமா, சொல்ல என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்து, ஒரு வரி மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் மெசேஜ் பார்க்கிற ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், போன் அடித்தது.

"ரொட்டவேட்டர், தம்பி."

போனேன். முன்தினம் மழை ஒன்று அடித்திருந்தது. ஷெட்டுக்குள் கடப்பாக்கல் தளம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சட்டம் அதன்மேல் காலியாக நின்றது. சக்கரங்களில் எண்ணெய் மினுமினுத்தது. கல்லுக்கு நடுவே இருந்த சந்துகூட சிமென்ட் பூசி அடைபட்டிருந்தது.

ரொட்டவேட்டர் அதன்மேல் இல்லை. இருபதடி தள்ளி, வெளியே, தென்னைக்கு அடியில், ஈர மண்ணில் இறக்கிவைத்திருந்தார். ஒரு பக்கமாக அழுந்தி நின்றது. வண்டியை அதற்கு நேராக ரிவர்ஸில் நிறுத்தி, இடது பின் ஏற்கெனவே போட்டாகியிருந்தது. பக்கத்தில் கடப்பாரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

நான் சட்டத்தைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். ஏன் இங்கே இறக்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் வலது பக்கம் போய்ப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நெம்புங்க" என்றார்.

நெம்பினேன். கொஞ்சம் இப்படி என்றார். இன்னும் கொஞ்சம் என்றார். அரை நிமிஷ வேலை அன்றைக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பின் உள்ளே போனது.

குழாயடியில் கை கழுவிவிட்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பழக்கத்தில் சுவரைப் பார்த்தேன். பதினோரு கோடும் அப்படியே இருந்தன. மாடத்தில் சுண்ணாம்புக் கட்டியும் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. டயரில் சாய்ந்து நின்று பிளாஸ்க்கைத் திறந்து, டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். மூடியில் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

"திட்டக்குடி எவ்ளோ தூரம் தம்பி?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.